ஊரில் இருந்துகொண்டே நடிக்க நினைப்பவர்களுக்கு: பொறுமைக்கு ஓர் ஏற்பாடு

கிராமத்துக் கதை என்றால் கேமரா தேனிக்கோ பொள்ளாச்சிக்கோ காரைக்குடிக்கோ வந்து நின்றுவிடும். ஆனால் அந்தப் படத்தில் யார் நடிப்பது என்பது சென்னை வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஏதோ ஒரு மாடியறையில் முடிவாகும். நடுவில் இருக்கிற 400, 500 கிலோமீட்டர்தான் நம்முடைய பிரச்சினை.

நான் இருப்பது தேனிப் பக்கம். நாடகம், குறும்படம், சினிமாவில் சின்னச் சின்ன வேடம் என்று வண்டி ஓடுகிறது. புதிதாக நடிக்க வருகிற தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எவ்வளவு நாள் பொறுத்திருக்கணும்?" இதற்குப் பதில் யாரிடமும் கிடையாது. எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் 1936இல் வந்தது. கதாநாயகனாக அவர் நடித்த முதல் படம் 1947இல் வந்தது. விக்ரம் 1990இல் அறிமுகமானார். ஊரே பேசும்படியான படம் அவருக்கு அமைந்தது 1999 டிசம்பரில். சினிமாவுக்குள்ளேயே இருந்தவர்களுக்கே இவ்வளவு காலம். ஊரில் இருக்கிற நமக்கு அதைவிடச் சீக்கிரம் நடக்கும் என்று கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோவதைப் பார்க்கிறேன். கைச்செலவுக்கு ஒரு வழி, வாரத்துக்கு இவ்வளவு பயிற்சி, ஏற ஒரு மேடை, குறித்துவைக்க ஒரு நோட்டு என்று ஏற்பாடு செய்துகொண்டவர்கள்தான் நீடிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சோற்றுக்கு வழி

நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டேதான் நாடகத்தில் நடித்தார். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் நுழைந்தது கணக்கு எழுதுபவராக. வேலை பார்த்துக்கொண்டே நடிப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. குறைச்சல் என்று நினைத்து வேலையை விடுகிறவர்கள்தான் ஆறாவது மாதம் எந்த வேடம் கிடைத்தாலும் சரி என்று எவரிடமும் போய் நிற்கிறார்கள்.

ஆனால் எந்த வேலை என்று யோசிக்க வேண்டும். சினிமாவில் அழைப்பு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வரும். "காலைல ஆறு மணிக்கு லொகேஷன்ல இருங்க" என்பார்கள். அதற்கு ஒத்துவரும் வேலை வேண்டும். சொந்தமாகச் சின்னக் கடை, டியூஷன், ஆட்டோ, எலக்ட்ரீஷியன் வேலை, போட்டோ ஸ்டுடியோ, தோட்ட வேலை இதெல்லாம் ஓரளவு வளைந்துகொடுக்கும். கல்யாண வீடியோ, சமையல் வேலை என்றால் முகூர்த்த மாதங்களில் ஒரு நாளும் உங்கள் கையில் இருக்காது. மற்ற மாதங்களில் நிறைய இருக்கும். மாதச் சம்பள வேலையில் இருந்தால், ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளும் ஒரு சக ஊழியரை இப்போதே பிடித்துவையுங்கள். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் இரண்டு ஷிப்ட் பாருங்கள், அவர் உங்களுக்காகப் பார்ப்பார். இல்லாத பாட்டியைச் சாகடித்து லீவு கேட்பதெல்லாம் ஒருமுறைக்கு மேல் செல்லாது.

மாதம் ஒரு தொகையை நடிப்புச் செலவு என்று தனியாக எடுத்துவையுங்கள். பஸ், போட்டோ, துணி, ரீசார்ஜ் எல்லாம் அதற்குள். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். நகையை அடகு வைத்தோ, வாரத் தவணைக் குழுவில் கடன் வாங்கியோ ஆடிஷனுக்குப் போகாதீர்கள். தவணை நெருங்கும்போது மனது வசனத்தில் நிற்காது.

வாரத்துக்கு இவ்வளவு என்று பயிற்சி

தினமும் அரைமணி நேரம் குரலுக்குக் கொடுங்கள். நாளிதழை எடுத்து சத்தம் போட்டு வாசிப்பதே நல்ல தொடக்கம். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா, வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படாமல் வருகிறதா என்று பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் சொந்தக் குரலைக் கேட்கவே பிடிக்காது. எல்லாருக்கும் அப்படித்தான்.

உங்கள் ஊர்ப் பேச்சுதான் உங்கள் கைமுதல். அதை மறைத்துக்கொண்டு சென்னைத் தமிழ் பேசப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதே நேரம், ஊர்ப் பேச்சு மட்டும்தான் வரும் என்றால் ஒரே மாதிரி வேடத்தில் அடைத்துவிடுவார்கள். நாலு வரி வசனத்தை எடுத்து முதலில் உங்கள் ஊர் வழக்கில், அப்புறம் எந்த ஊர் என்று தெரியாத பொதுவான பேச்சில், அப்புறம் நெல்லையோ கொங்கோ ஏதாவது ஒரு வழக்கில் சொல்லிப் பழகுங்கள். மூன்றாவது வழக்கைப் படம் பார்த்துக் கற்காதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரோடு போனில் பேசிக் கற்றுக்கொள்ளுங்கள்.

டப்பிங் பயிற்சியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழில் இன்றும் நிறையப் படங்களுக்கு வசனத்தைப் படப்பிடிப்பு முடிந்தபின் டப்பிங் தியேட்டரில் பேசித்தான் சேர்க்கிறார்கள். சரியாகப் பேச வராவிட்டால் உங்கள் முகத்துக்கு வேறொருவர் குரல் வந்துவிடும். வீட்டிலேயே பழகலாம். ஒரு நிமிடக் காட்சியை நடித்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, உதட்டசைவுக்குச் சரியாக அதே வசனத்தை அதே உணர்ச்சியோடு பேசிப் பாருங்கள். முந்தின நாள் எங்கே மூச்சு விட்டீர்கள் என்பதே ஞாபகம் இருக்காது. அதுதான் பாடம்.

பார்ப்பதும் பயிற்சிதான். அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி வரிசை, உழவர் சந்தை, தாலுகா ஆபீஸில் மனு எழுதிக்கொடுப்பவரின் மேஜைப் பக்கம் எல்லாம் போய் உட்காருங்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரிடம் யாராவது கடன் கேட்டு வந்தால் அவர் இல்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். தராசுத் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்த தட்டையே திரும்பத் துடைப்பார். வந்தவர் புரிந்துகொண்டு போனபின் துணியைத் தோளில் போடுவார். இப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றே வீட்டில் செய்து பாருங்கள். ஊரில் இருப்பதன் பெரிய லாபம் இது: இங்கே ஆட்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்க முடிகிறது.

பக்கத்தில் இருக்கும் மேடை

மதுரை, புதுக்கோட்டை, தேனிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மரபு. பங்குனி தொடங்கித் திருவிழாக் காலம் முழுக்க நடக்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு: நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, கோமாளியான பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையேறி, வள்ளி திருமணத்தை விடியும்வரை நடத்துவார்கள். தர்க்கம் என்று வள்ளியும் நாரதரும் மடக்கி மடக்கிப் பேசும் இடத்தைப் பாருங்கள். எதிரில் நிற்பவர் சொல்வதை உண்மையாகவே காதில் வாங்காவிட்டால் அங்கே ஒரு நிமிடம் நிற்க முடியாது. நடிப்புப் பள்ளிகளில் "கவனி, பதில் சொல்" என்று வாரக்கணக்கில் சொல்லித் தருவதும் இதைத்தான். நாடகம் முடிந்ததும் ஓடிவிடாமல், ஆர்மோனியக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். யார் நன்றாகச் செய்கிறார்கள், யாரிடம் போய்க் கற்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வடமாவட்டக்காரர்களுக்குத் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை அதற்குப் பேர்போன ஊர். கூத்து கற்றால் உடம்புக்கும் மூச்சுக்கும் கிடைக்கிற பலம் வேறு எதிலும் வராது. இரண்டும் பக்கத்தில் இல்லையென்றால் வீதி நாடகக் குழு, கல்லூரி நாடகம், கலை இலக்கிய இரவு என்று ஏதாவது ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கும். வானொலி நிலையங்களில் நாடகக் குரல் தேர்வு நடத்துவார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவையுங்கள்.

மேடையிலிருந்து கேமராவுக்கு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரலும் கண்ணும் க்ளோசப்பில் அளவுக்கு மீறித் தெரியும். நாடகத்தில் செய்த அதே காட்சியை, எதிரே ஒரு முழ தூரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திரும்பச் செய்து பதிவு செய்யுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

முறையாகப் படிக்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, டெல்லி தேசிய நாடகப் பள்ளி, புனே திரைப்படக் கல்லூரி ஆகியவை அரசு நிறுவனங்கள். நுழைவது கடினம், கட்டணம் தனியாரைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு வார இறுதியில் நடிகராக்கிவிடுகிறேன் என்று லாட்ஜ் ஹாலில் வகுப்பு எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் நீங்கள் பல நாடகங்கள் போட்டுவிடலாம்.

செல்ஃப் டேப்: ஊர்க்காரரின் ஆடிஷன்

செல்ஃப் டேப் என்றால் நம் நடிப்பை நாமே படம்பிடித்து அனுப்புவது. இன்றைக்கு ஊரில் இருப்பவருக்கு உள்ள பெரிய வசதி இதுதான். ஆகவே இதில் மட்டும் சோம்பல் கூடாது. கைபேசி போதும், கேமரா வாங்கக் கடன் வேண்டாம்.

வெளிர் நிறச் சுவர் ஒன்றைப் பிடியுங்கள். காலண்டர், சாமி படம், கொடியில் தொங்கும் துணி எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். முதுகு ஜன்னல் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். போன் உங்கள் கண் உயரத்தில், படுக்கைவாட்டில் இருக்கட்டும். ஸ்டாண்ட் இல்லையா, ஸ்டூல் மேல் அரிசி டின்னை வைத்துச் சாய்த்துவிடுங்கள். பின்பக்கக் கேமராவில் எடுங்கள், அதுதான் தெளிவு. முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் எதையும் தொடாதீர்கள். உங்கள் தோல் எப்படி இருக்கிறதோ அதைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

ஒலிதான் ஊரில் பெரும்பாடு. ஆடியில் அம்மன் கோயில் குழாய், மார்கழியில் விடியற்காலைத் திருப்பாவை, மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக் குக்கர். உங்கள் தெருவில் எந்த நேரம் அடங்கிக் கிடக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். எங்கள் தெருவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான ஒரு மணி நேரம். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள், வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக் ஒன்று வாங்குவது வீண் செலவில்லை.

அறிமுகம் அரை நிமிடம்: பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், உண்மையாகவே தெரிந்த வித்தைகள். நீச்சல் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் முழித்தவர் கதை எல்லா யூனிட்டிலும் ஒன்று உண்டு. முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, உள்ளங்கையும் புறங்கையும், முழு உருவம் காட்டுங்கள். "சின்ன வயசுல இருந்தே எனக்கு நடிப்புன்னா உயிர்" என்று ஆரம்பிக்காதீர்கள். பார்க்கிற உதவி இயக்குநர் அந்த வரியைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடிப்பு ஒன்று அல்லது இரண்டு நிமிடம். எதிர் வசனத்தைப் பேச ஓர் ஆள் வேண்டும். தங்கையோ நண்பரோ, கேமராவை ஒட்டி நின்று மெதுவான குரலில், நடிக்காமல் வாசிக்கட்டும். நீங்கள் லென்ஸைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். பெரிய ஹீரோவின் புகழ்பெற்ற வசனத்தைப் பேசி அனுப்பினால் பார்ப்பவருக்கு அந்த ஹீரோதான் ஞாபகம் வருவார். அவர்கள் கொடுத்த காட்சி இல்லையென்றால், உங்கள் ஊரில் நடக்கிற விஷயம் ஒன்றை நீங்களே எழுதுங்கள்: மின்கட்டணம் கட்ட வந்த இடத்தில் கவுண்டர் மூடிவிட்டது, அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தண்ணீர் முறை, இப்படி. மூன்று டேக் எடுங்கள், நிறுத்துங்கள். பத்தாவது டேக்கில் வசனம் சரியாக இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அனுப்பும்போது ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயர், வயது, ஊர், எண் இருக்கட்டும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் என்றால் அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்று இன்னொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். திறக்காத லிங்க்குக்காக யாரும் திரும்ப அழைத்துக் கேட்கமாட்டார்கள்.

எங்கே, எப்போது அணுகுவது

படப்பிடிப்பு நடக்கிற இடத்துக்குப் போய்க் கூட்டத்தில் நின்று இயக்குநரின் கண்ணில் பட முயல்வது பயன் தராது. அன்றைக்கு அவருக்கு வெளிச்சம் போய்விடுமோ என்ற கவலை. முக்கிய வேடங்கள் அதற்குப் பல வாரம் முன்பே முடிவாகியிருக்கும். நீங்கள் பிடிக்க வேண்டியது லொகேஷன் பார்க்க இரண்டு மூன்று பேர் காரில் வருகிறார்களே, அந்த நேரத்தை. அவர்கள் வருவது உள்ளூர் லொகேஷன் மேனேஜருக்கும் லாட்ஜ்காரருக்கும் மெஸ்காரருக்கும் தெரியும். இந்த மூவரிடமும் உங்கள் போட்டோவும் எண்ணும் இருக்கட்டும்.

படப்பிடிப்பு ஆரம்பித்த பிறகும் ஒரு கதவு திறந்தே இருக்கும்: ஒன்றிரண்டு வரி பேசும் வேடங்கள். டீக்கடைக்காரர், கண்டக்டர், நர்ஸ், பஞ்சாயத்தில் குறுக்கே பேசுபவர். இவர்களைச் சென்னையிலிருந்து அழைத்துவந்தால் பயணம், தங்கல், சாப்பாடு, பேட்டா எல்லாம் தயாரிப்பாளர் தலையில் விழும். உள்ளூரில் தெளிவாகப் பேசுகிற ஆள் இருந்தால் மேனேஜருக்கும் சந்தோஷம். ஊரில் இருப்பது உங்களுக்குச் சாதகமாகிற இடம் இது.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரைச் சேர்ந்த நல்லாண்டி ஐயா ஒரு விவசாயி. 'கடைசி விவசாயி' படத்தில் மையப் பாத்திரமாக நடித்தார். அவர் இறந்த பிறகு 2023இல் அறிவிக்கப்பட்ட 69ஆவது தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. இதைச் சொல்லி "பார்த்தியா, ஊருக்கே வந்து தேடுறாங்க" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. அப்படி நடப்பது அபூர்வம். அதை நம்பித் திட்டம் போட முடியாது, வந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

இவை தவிர, கோவை, மதுரையில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் எடுக்கிறார்கள். சம்பளம் பெரும்பாலும் அன்றே வந்துவிடும். சினிமாக் கல்லூரி மாணவர்களின் படங்களில் சம்பளம் இருக்காது, ஆனால் எடுத்த காட்சியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். டி.வி. சீரியல் வேடம் வந்தால் மாதத்தில் எத்தனை நாள் சென்னையில் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், சங்கத்தில் கார்டு எடுத்துத் தருகிறேன், ஹீரோவின் தம்பி வேடம் ஐந்து லட்சம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, நடிப்பதற்கு நடிகர் பணம் கட்டுவது கிடையாது. ஆடிஷன் அறிவிப்பு வந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பெண்கள் ஆடிஷனுக்குத் துணையோடு போவதை யாராவது குறையாகச் சொன்னால் அந்த இடமே சரியில்லை என்று அர்த்தம். ஹோட்டல் அறை ஆடிஷன், இரவு நேர "கதை டிஸ்கஷன்", காரணமில்லாமல் உடம்பு தெரியும் போட்டோ கேட்பது எதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேரளத்தில் 2024 ஆகஸ்டில் வெளியான, மலையாள சினிமாவில் பெண்களின் நிலை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை, வாய்ப்பைக் காட்டி மிரட்டுவது எப்படியெல்லாம் நடக்கிறது என்று விவரமாகவே எழுதியிருக்கிறது. படப்பிடிப்புத் தளமும் சட்டப்படி பணியிடம்தான். உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

சென்னைக்குப் போவது

காத்திருப்பதற்காகச் சென்னை போகாதீர்கள். காரியம் இருந்தால் போங்கள். ஒரு ஆடிஷன், ஏற்கெனவே நேரம் கொடுத்த இரண்டு பேர், பார்க்க ஒரு நாடகம் என்று சேர்ந்த பிறகு டிக்கெட் போடுங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து வடபழனி போய்ச் சேரக் காலை நெரிசலில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். பத்து மணி ஆடிஷனுக்கு ஏழு மணிக்கு வந்து இறங்கும் பேருந்து போதாது. ரயில் கிடைத்தால் தாம்பரத்திலோ, நின்றால் மாம்பலத்திலோ இறங்குவது சுலபம். குளித்து, சட்டை மாற்றி, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். இரவுப் பேருந்தின் களைப்பு முகத்தில் அப்படியே தெரியும்.

பதில் வராத நாட்கள்

டேப் அனுப்பினீர்கள். இரண்டு நீல டிக் விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் "இல்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள், மௌனம்தான் பதில். அதன் காரணங்களைத் தெரிந்துவைத்தால் பாதிப் பாரம் இறங்கும். அப்பாவாக நடிப்பவர் குட்டை, நீங்கள் ஆறடி, மகனென்று நம்பமாட்டார்கள். நாயகிக்கு அக்கா வேண்டும், உங்கள் முகம் அவரைவிட இளமை. கதாநாயகனின் தேதி தள்ளிப்போனது. பைனான்ஸ் நின்றது. அந்தப் பாத்திரத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவற்றில் எதுவும் உங்கள் நடிப்பைப் பற்றியதல்ல, எதையும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, யாருக்கு, எந்த வேடத்துக்கு, என்ன அனுப்பினேன், பதில். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு முறை மரியாதையாக விசாரியுங்கள். அதோடு அந்த வரியை மூடுங்கள். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை, புதிதாகச் செய்த வேலை ஏதாவது இருந்தால் மட்டும், அதே ஆட்களுக்குத் திரும்ப எழுதலாம். தினமும் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படம் அனுப்புகிறவர்களை உதவி இயக்குநர்கள் எப்படித் திட்டுகிறார்கள் என்று நான் காதால் கேட்டிருக்கிறேன்.

நோட்டைப் புரட்டும்போது ஒன்று தெரியும்: வந்த பதிலை வைத்துப் பார்த்தால் மாதங்கள் வெறுமையாக இருக்கும், செய்த வேலையை வைத்துப் பார்த்தால் அப்படி இருக்காது. அதனால் "இந்த மாதம் இரண்டு டேப், ஒரு நாடக ஒத்திகை, ஒரு புது வழக்கு" என்று உங்கள் கையில் இருப்பதை மட்டும் இலக்காக வையுங்கள். கூட நடித்தவன் ஹீரோவோடு செல்ஃபி போட்டிருப்பதைப் பார்த்து வயிறு எரியும். எரியட்டும், மனிதர்தானே. அன்று போனை எடுத்துவைத்துவிட்டு யாரோடாவது ஒரு காட்சியை வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்திக்கும் மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒன்று இருந்தால் வருடங்கள் ஓடுவது சுலபம். சோர்வு ஓரிரு நாளில் போகாமல் தூக்கம், சாப்பாடு கெட்டு நீடித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

வீடும் தெருவும்

"என்னப்பா, படம் எப்ப வருது?" இந்தக் கேள்வி டீக்கடையில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில்கூட வரும். கோபப்படாதீர்கள், பாதிப் பேர் வேறு பேச்சு இல்லாமல்தான் கேட்கிறார்கள். "வெள்ளிக்கிழமை நாடகம் போடுறோம் மாமா, வாங்க" என்று சொல்ல ஏதாவது கையில் இருந்தால் பேச்சு அங்கே முடிந்துவிடும். சிலர் வரவும் செய்வார்கள்.

அப்பா அம்மாவிடம் மட்டும் மழுப்ப வேண்டாம். மாதம் வீட்டுக்கு எவ்வளவு தருவேன், எத்தனை நாள் வெளியே போவேன், இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்து என்ன பேசுவோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது பல மடங்கு கடினம், கல்யாணப் பேச்சு குறுக்கே நிற்கும். ஒத்திகை நடக்கும் இடத்துக்கு அம்மாவை ஒருமுறை அழைத்துவந்து காட்டிய பிறகு நிலைமை மாறிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாறாத வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

அழைப்பு வந்த பிறகு

பொறுமைக்கு உண்மையான சோதனை செட்டில்தான். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள். உங்கள் ஷாட் மாலை நான்கு மணிக்கு வரும், அல்லது நாளைக்குப் போகும். தண்ணீர், தொப்பி, சார்ஜர், ஒரு புத்தகம் எடுத்துப் போங்கள். உட்காரும் இடத்தை உதவி இயக்குநர் ஒருவரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஹீரோவோடு போட்டோ எடுக்க அலையாதீர்கள்.

சம்பளம், பேட்டா, பயணச் செலவு எவ்வளவு, எப்போது தருவார்கள் என்று முதல் நாளே மேனேஜரிடம் கேளுங்கள். பேசி முடிந்ததும் "சார், பேசியபடி இவ்வளவு" என்று ஒரு மெசேஜ் போட்டுவையுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பயந்து பேசாமல் இருந்தவர்களுக்குப் பல படங்களில் அந்தப் பணம் வந்ததே இல்லை. நெல்லைப் பகுதியில் வாழ்நாளெல்லாம் கூத்தாடிய தங்கராசு ஐயா, 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகனின் அப்பாவாக நடித்ததை நாடே கொண்டாடியது. அதற்குப் பிறகும் அவர் வாழ்க்கை வறுமையில்தான் ஓடியது. கைதட்டல் வேறு, வரும்படி வேறு. முதல் படத்தோடு வேலையை விட்டுவிடாதீர்கள்.

கன்டினியூட்டி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் காட்சி அடுத்த ஷெட்யூலிலும் இருந்தால், அதுவரை முடி, மீசை, தாடி எதையும் தொடக் கூடாது. இடையில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதாக வீட்டில் வேண்டுதல் இருந்தால் சாமியிடம் தவணை கேட்டுக்கொள்ளுங்கள். அன்று போட்டிருந்த உடையில் முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கையில் கட்டிய கயிறு, போட்ட மோதிரம் வரை அதில் தெரிய வேண்டும்.

படம் வெளிவரும் முன் தெருவுக்கெல்லாம் சொல்லி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நீளம் குறைக்கும்போது முதலில் போவது நம் மாதிரி ஆட்களின் காட்சிகள்தான். நீங்களே முதல் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பாருங்கள். இருந்தால் மதியக் காட்சிக்கு எல்லாரையும் கூட்டிப் போகலாம். படம் ஓ.டி.டி.யில் வந்ததும் உங்கள் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவையுங்கள். முன்னால் எடுத்த குறும்படத் துண்டுகளில் மிகப் பலவீனமான ஒன்றைக் கழித்துவிட்டு, இதைச் சேர்த்து, இரண்டு நிமிடத்துக்கு மிகாத ஷோ ரீலாக வெட்டுங்கள். நோட்டை எடுங்கள். பதில் சொல்லாதவர்கள் பட்டியலில் மேலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள்.